பதினேழாம் நம்பர் நரி

மரக்காணத்தில் நரிக்கென்று ஓர் ஆபீசு திறந்தது 2005ஆம் வருஷம், ஆனி மாதத்தில். நரிக்கு என்று சொன்னால்கூட ஒரு மரியாதை இருக்கும். நரிக்குக்கூட இல்லை, நரி இருந்துவிட்டுப் போகிற எச்சத்துக்கு. உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, ‘கடலோர நரி எச்ச ஒட்டுண்ணிக் கண்காணிப்பு மையம்’ என்று பச்சைப் போர்டில் வெள்ளை எழுத்தில் எழுதி மாட்டினார்கள். சுனாமி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. குப்பத்துச் சனம் இன்னும் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தது. நரி ஆபீசுக்கு மூன்று மின்விசிறி, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஜீப்பு.

பொன்னம்மாள் அந்தப் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அவளுக்கு எதில்தான் அப்படிப் படாது! ரேஷன் கடையில் எடை சரியாக இருந்தால்கூட, இன்றைக்கு மட்டும் ஏன் சரியாக இருக்கிறது என்று கேட்கிறவள். இருபது வருஷமாக உப்பு வாருகிறாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகளைக் கிளியனூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அவளும் டிஸ்கோவும்தான்.

டிஸ்கோ ஒரு நாய். இதை இப்போதே அழுத்தமாகச் சொல்லி வைக்கிறேன், பின்னால் இதுதான் பெரிய வழக்காகப் போகிறது. செவலை நிறம், கூரான மூக்கு, பின்னங்கால் ஒன்று லேசாக நொண்டி. நொண்டும்போது இடுப்பு ஆடும், அதனால் அந்தப் பேர். சுனாமியன்று எக்கியார்குப்பம் பக்கமிருந்து தண்ணீரோடு அடித்துக்கொண்டு வந்து உப்பளத்து வரப்பில் ஒதுங்கிய பெட்டைக்குட்டி. உலகத்தில் பொன்னம்மாள் சந்தேகப்படாத ஜீவன் அது ஒன்றுதான். அதன்மேல் அவளுக்கு அப்படி ஓர் உயிர்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் எல்லாருக்கும் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் உடனே மூன்று ஜெராக்ஸ். பக்கெட்டு வாங்க ரேஷன் கார்டு ஜெராக்ஸ், போர்வை வாங்க பக்கெட்டு வாங்கிய சீட்டின் ஜெராக்ஸ், அடுப்பு வாங்கப் போர்வைச் சீட்டின் ஜெராக்ஸ் என்று நிவாரணக்காரர்கள் பழக்கிவிட்டுப் போய்விட்டார்கள். துபாயிலிருந்து திரும்பி வந்த உபைதுல்லா கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் லேமினேஷன் மெஷினும் போட்டது அப்போதுதான். பொன்னம்மாள் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அவரிடம் மூன்று காப்பி எடுத்துவிடுவாள்.

ஒரு நாள் காலை உப்பளத்துக்கு ஜீப்பு வந்தது. சிவஞானம் இறங்கினார். மையத்தின் கள அதிகாரி. ஷூவில் உப்பு ஒட்டாமல் வரப்பில் தாண்டித் தாண்டி நடந்து வந்து பொன்னம்மாள் முன்னால் நின்றார்.

“ஏம்மா, இங்க நரி வருதா?”

“வருதுங்க. விடியக்காலம் நண்டு துன்ன வருது.”

“துன்னுட்டு?”

“பூடுதுங்க.”

“போறதுக்கு முன்னாடி?”

பொன்னம்மாளுக்குப் புரிந்துவிட்டது. உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தாள். “அது எதுக்குங்க ஒங்களுக்கு?”

சிவஞானம் விளக்கினார். நரி வயிற்றில் நாடாப்புழு இருக்கலாம். அதன் முட்டை எச்சத்தில் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாது. கையில் பட்டு, சோற்றோடு சேர்ந்து மனுஷன் வயிற்றுக்குள் போனால் ஈரலில் தண்ணீர்க் கட்டி வளரும். பத்து வருஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

“ஐயையோ! அப்ப இங்க இருக்குற சனங்களுக்கு இன்னா பண்ணப் போறீங்க?”

“மனுஷங்க வேற ஸ்கீம்மா. நாங்க நரி.”

அன்றைக்கே அவளைத் ‘தற்காலிக எச்சச் சேகரிப்பாளர்’ ஆக்கினார்கள். இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, ஒரு கரண்டி, நம்பர் ஒட்டிய மூடி போட்ட புட்டிகள். ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு படிவம். புதுப் படிவம் அச்சடிக்க அனுமதி வராததால் சுனாமி நிவாரணத்தில் மிஞ்சிய படிவத்தையே கொடுத்தார்கள். பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், தொழில், வீடு முழுச் சேதமா பகுதிச் சேதமா. பொன்னம்மாள் ஒன்றையும் விடாமல் நிரப்பினாள். நரி. தெரியாது. நண்டு பிடிப்பது. வீடு பார்த்ததில்லை. சிவஞானம் படித்துப் பார்த்து, நாலாவது பதில் மட்டும் தெளிவாக இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

கடைத்தெருவில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை. நரி எச்சத்தைக் கப்பலில் ஏற்றி மருந்துக்கு அனுப்புகிறார்கள் என்றார்கள். ஆரோவில் வெள்ளைக்காரர்கள் செடிக்கு உரமாகக் கேட்டிருப்பார்கள் என்றார்கள். எச்சம் சும்மா சாக்கு, உப்பளத்தை அளந்து யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்று ஒருத்தர் சத்தியம் செய்தார். பொன்னம்மாள் மூன்றையும் நம்பவில்லை. ஆபீசு சொன்னதையும் நம்பவில்லை.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. காலை பத்து மணிக்குப் புட்டியைக் கொடுப்பாள். டீ குடித்து முடிப்பதற்குள் ‘புழு இல்லை’ என்று ரிசல்ட்டு வந்துவிடும். ஒன்று முதல் பதினாறு வரைக்கும் அப்படித்தான். ஒரு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவள் கொடுத்த புட்டிகள் பதினாறும் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூடியில் அவள் ஒட்டிய டேப்பு அப்படியே இருந்தது.

உள்ளே சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த சகாயமேரி அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். நல்ல பெண். முகத்தில் வெட்கம்.

“இன்னா மேரி, தொறக்காமயே புழு இல்லேன்னு எழுதறீங்க?”

“இல்லக்கா… அதை உப்புத் தண்ணியில கரைக்கணும். நல்லாக் கெட்டியான உப்புத் தண்ணி. அப்பத்தான் முட்டை மேல மெதக்கும், எடுத்துப் பூதக்கண்ணாடியில பாக்கலாம். உப்பு இன்னும் வரல.”

பொன்னம்மாள் திரும்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் உப்பு. குவியல் குவியலாக வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடந்தது.

“மரக்காணத்துலயா உப்பு வரல?”

பின்னாலிருந்து சிவஞானம் குரல் கொடுத்தார். “அது திங்கிற உப்பும்மா. எங்களுக்கு வேண்டியது டெண்டர் உப்பு. பம்பாய்லேர்ந்து வரணும்.”

“அப்ப வர்ற வரைக்கும் புழு இல்லேன்னு எழுதறது பொய் இல்லீங்களா?”

“எப்படிம்மா பொய்யாகும்? நான் பார்த்தேனா? இல்ல. பார்க்காமயே புழு இருக்குதுன்னு எழுதினாத்தான் பொய்.” அவருக்கு அதில் கொஞ்சமும் சந்தேகமில்லை. சொல்லிவிட்டு ஃபிரிட்ஜிலிருந்து மோர் எடுத்துக் குடித்தார்.

மறுநாள் பொன்னம்மாள் பாத்தியில் முற்றிய உப்புத் தண்ணீரை ஒரு கேன் நிறைய மொண்டுவந்து சகாயமேரி கையில் கொடுத்தாள். “சாருக்குத் தெரியாம வெச்சிக்கோ. ஆவுதா பாரு.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாழாய்ப்போன சந்தேகம் விட்டால்தானே! இந்த ஆபீசுக்கு நரிக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியுமா என்று பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. பதினேழாம் நம்பர் புட்டியில் டிஸ்கோவின் எச்சத்தை எடுத்துப் போட்டாள். படிவத்தில் வழக்கம்போல நரி என்று எழுதினாள். இது நரியினுடையதே இல்லை என்று எழுதி அனுப்பினார்களானால் இவர்களை நம்பலாம் என்பது அவள் கணக்கு.

டீ குடித்து முடித்தாள், ரிசல்ட்டு வரவில்லை. இரண்டாவது டீயும் குடித்தாள். சகாயமேரி முகம் வெளுத்து வெளியே வந்து, சிவஞானத்திடம் ஒரு காகிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

“பதினேழாம் நம்பர் நரிக்குப் புழு!”

லட்டு வந்தது. டிரைவருக்கும் கொடுத்தார்கள், பொன்னம்மாளுக்கும் கொடுத்தார்கள். சிவஞானம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினார். “இந்த மாசத்தோட மூடறதா இருந்த ஆபீசும்மா இது. புழு இல்லேன்னா புழு ஒழிப்பு எதுக்குன்னு சென்னையில கேக்குறாங்க. நியாயம்தானே? இப்ப புழு கெடச்சிருச்சு. இனிமே அஞ்சு வருஷத்துக்கு நம்மள யாரும் அசைக்க முடியாது. அந்தப் புழு நல்லா இருக்கணும்!”

பொன்னம்மாள் லட்டைக் கடிக்கப் போனவள் நிறுத்திவிட்டாள். டிஸ்கோ வயிற்றில் புழு! தினமும் அவள் முகத்தை நக்குகிற டிஸ்கோ. லட்டை மேசைமேல் வைத்தாள். “சார், என்ன மன்னிச்சிக்குங்க. அது நரி இல்ல. எங்க வூட்டு நாய். சும்மா சோதிக்கலாம்னு போட்டுட்டேன்.”

சிவஞானத்தின் சிரிப்பு நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தார். இப்போது சந்தேகம் அவர் பக்கம் போயிற்று.

“ஃபைல் அப்பவே ஃபேக்ஸ்ல சென்னைக்குப் போயிருச்சும்மா. ஃபைல்ல நரி. ஒங்க கையெழுத்துல நரி. அந்த பதினேழாம் நம்பர் இப்ப எங்க இருக்குது?”

“எங்க வூட்லதாங்க.”

“அப்ப நரியை வீட்ல வெச்சிருக்கீங்கன்னு ஒத்துக்கறீங்க. காட்டு மிருகத்தை வீட்ல வளர்க்கிறது குத்தம், தெரியுமா?”

பொன்னம்மாள் ஓடிப்போய் டிஸ்கோவைக் கயிற்றில் பிடித்துக் கூட்டிவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். டிஸ்கோ சிவஞானத்தைப் பார்த்துத் தெருவே அதிரக் குரைத்தது.

“கொலைக்குது பாருங்க சார்!”

அவர் படிவத்தைப் புரட்டினார். “குரைப்புக்கு இதுல கட்டம் இல்லையேம்மா.”

வருகிற வியாழக்கிழமை பெரிய டைரக்டர் சென்னையிலிருந்து வருகிறார் என்று சிவஞானம் சொன்னார். முட்டையை வைத்து எந்தப் புழு என்று முடிவாகச் சொல்ல முடியாதாம். நரியின் குடலைத் திறந்து புழுவையே எடுத்துக் காட்டினால்தான் உறுதி. அதனால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினேழாம் நம்பரை ஒப்படைக்க வேண்டும். இன்றைக்கு வெள்ளி.

“தொறந்துட்டுத் திரும்பக் குடுப்பீங்களா?” என்று கேட்டாள் பொன்னம்மாள்.

“தோலுக்கு வேணும்னா விண்ணப்பம் போடலாம்.”

அன்று மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து பொன்னம்மாள் அழுதாள். சுனாமிக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. “தண்ணியே ஒன்ன உட்டுட்டுப் போச்சேடி, நான் பூந்து கெடுத்துட்டேனே” என்றாள். டிஸ்கோ முகத்தை நக்க வந்தது. அவள் முதல்தடவையாக அதைத் தள்ளிவிட்டாள். அது அவளை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் அவளுக்கு இன்னும் அழுகை வந்தது.

அழுது முடித்துவிட்டு, டிஸ்கோ நாய்தான் என்று ஒரு காகிதம் வாங்கக் கிளம்பினாள். முதலில் வி.ஏ.ஓ. ஆபீசு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நாய்னு நான் எழுதணும்னா நாய் என் ரெக்கார்டுல இருக்கணும்மா. என் ரெக்கார்டுல நெலம் இருக்குது, கெணறு இருக்குது, பனமரம் இருக்குது. நாய் இல்ல. வேணும்னா ஒண்ணு பண்றேன். மேற்படி பிராணி பனமரம் இல்லேன்னு எழுதித் தர்றேன்.”

எதற்கும் இருக்கட்டும் என்று அதை வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து மாட்டாஸ்பத்திரி. டாக்டர் லீவு. வெறிநாய் ஊசி போட்டால் கார்டில் நாய் என்று எழுதிக் கொடுப்பார்களே என்று கம்பவுண்டரிடம் கெஞ்சினாள். அவர் குரலைத் தாழ்த்தினார். “ஊசி நாய்க்குத்தாம்மா போடுவோம். ஒங்களுது நரின்னு ஒரு ஃபைல் இருக்குதாமே. நீங்க மொதல்ல நாய்னு சர்ட்டிபிகேட் எடுத்தாங்க, நான் ஊசி போட்டு நாய்னு சர்ட்டிபிகேட் தர்றேன்.”

திங்கட்கிழமை சாயங்காலம் பனைமரச் சான்றிதழை மூன்று ஜெராக்ஸ் எடுக்க உபைதுல்லா கடைக்குப் போனாள். உபைதுல்லா படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டார். பக்கத்தில் பொட்டலம் கட்டிய சுண்டல் இருந்தது. அதை அவளிடம் நீட்டினார்.

“சாப்புடுங்கக்கா. யா அல்லா, ஒரு நாயைக் காப்பாத்த இவ்ளோ அலைச்சலா?”

பொன்னம்மாள் சுண்டலைத் தொடவில்லை. பொட்டலக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை எழுத்து. எங்கேயோ பார்த்த எழுத்து. சுண்டலைக் கல்லாப்பெட்டிமேல் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவி விட்டாள். நரி ஆபீசின் விழிப்புணர்வு நோட்டீசு! ஐயாயிரம் அடித்து, யாருக்கும் கொடுக்காமல், கட்டுக்கட்டாகச் சுண்டல்காரருக்கு எடைக்குப் போட்டிருந்தார்கள். மேலே முக்கால்வாசி மையத்தைத் திறந்துவைத்தவர்களின் பெயர்கள். ஆக அடியில், எறும்பு சைஸில் இரண்டு வரி.

உபைதுல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “‘நாய்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழு மாத்திரை கொடுக்கவும். மாத்திரை கொடுத்த பின் மூன்று நாள் அதன் எச்சத்தை எரித்துப் புதைக்கவும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவவும்.’ அவ்ளோதான்க்கா போட்டிருக்கு.”

“அவ்ளோதானா?” பொன்னம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. “மாத்திரை குடுத்தா பூடுமா? அப்ப இந்த ஆபீசு எதுக்கு பாய்?”

“அது நமக்கு எதுக்குக்கா. மொதல்ல மாத்திரை வாங்குங்க.”

மருந்துக்கடையில் மாத்திரை இருந்தது. பொன்னம்மாள் அதைக் கருவாட்டுக்குள் திணித்துக் கொடுத்தாள். டிஸ்கோ இரண்டு கடியில் விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டது. செவ்வாயும் புதனும் அவள் வேலைக்குப் போகவில்லை. ஆபீசு கொடுத்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு டிஸ்கோ பின்னாலேயே அலைந்தாள். அது இருந்ததையெல்லாம் எரித்து, குழி தோண்டிப் புதைத்து, கை தேயத் தேயச் சோப்புப் போட்டாள்.

வியாழக்கிழமை பெரிய டைரக்டர் வந்தார். வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கத்தியும் தட்டும் தயாராக இருந்தன. பொன்னம்மாள் டிஸ்கோவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உபைதுல்லா கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அறுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தபா சோதிச்சிப் பாருங்கய்யா” என்று அவள் டைரக்டரின் காலில் விழப்போனாள்.

டைரக்டர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். காலையில் டிஸ்கோ இருந்ததைப் புட்டியில் எடுத்து வந்திருந்தாள். சகாயமேரி கேனிலிருந்து உப்புத் தண்ணீரை ஊற்றிக் கரைத்தாள். ஒரு தடவை பார்த்தாள். மூன்று தடவை பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“ஒண்ணுமே இல்ல சார்.”

டைரக்டரே குனிந்து பார்த்தார். பிறகு சிவஞானத்தைப் பார்த்தார். “என்னய்யா, புழு எங்க?”

“நாந்தான் மாத்திரை குடுத்தேங்க” என்றாள் பொன்னம்மாள். “ஒங்க நோட்டீசுல போட்டிருந்துச்சு.” சுண்டல் எண்ணெய் பட்ட காகிதத்தை நீட்டினாள்.

டைரக்டருக்கு முகம் சிவந்தது. “நோட்டீசு படிக்கிறதுக்காம்மா போடறோம்? இந்தக் கடற்கரை முழுக்க எங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரே புழு. அதை நம்பி நாங்க அஞ்சு வருஷத்துக்குத் திட்டம் போட்டிருக்கோம். முப்பது பேருக்கு உத்தியோகம், ரெண்டு கருத்தரங்கு, ஒரு வெளிநாட்டுப் பயணம். ஒரே மாத்திரையில எல்லாத்தையும் அழிச்சிட்டியே! ஒவ்வொருத்தரும் இப்படி மாத்திரை வாங்கிக் குடுத்துட்டா நாங்க எதைக் கண்காணிக்கிறது?”

சிவஞானம் மெதுவாக, “அப்ப இந்த நரியை சார்…” என்று கத்தியைப் பார்த்தார்.

“புழு இல்லாத நரியை அறுத்து எனக்கு என்னத்தைக் காட்டப் போற? அது கெடக்கட்டும். இந்தம்மாமேல நடவடிக்கை எடு. இன்னைக்கே நோட்டீசு குடு.”

சிவஞானம் தலையைச் சொறிந்தார். “அதுல ஒரு சிக்கல் சார். நரின்னு எழுதினா அது காட்டு மிருகம், கேஸ் வேற டிபார்ட்மெண்டுக்குப் போயிரும். நம்மகிட்ட நிக்காது. நாய்னு எழுதினாத்தான் நம்ம அதிகாரம்.”

“அப்ப நாய்னு எழுதுய்யா!”

அரை மணி நேரத்தில் நோட்டீசு தயாராகிவிட்டது. பச்சை மையில் கையெழுத்து, ரவுண்டு சீல். பொன்னம்மாள் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘மேற்படி பொன்னம்மாள் ஆகிய தாங்கள், தங்களுக்குச் சொந்தமான டிஸ்கோ என்னும் பெண் நாயின் குடலில் இம்மையத்தின் கண்காணிப்பில் இருந்துவந்த நாடாப்புழுக்களை ஒன்றுகூட மீதமில்லாமல் அழித்துவிட்டீர்கள் என்பது இன்று நடத்தப்பட்ட சோதனையில் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளது. இதற்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?’

அவள் இன்னொரு முறை படித்தாள். சீலை விரலால் தடவிப் பார்த்தாள். காகிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நாய் என்றுதான் இருந்தது. புழு இல்லை என்றுதான் இருந்தது.

“பாய்” என்றாள், “கடையைத் தொறங்க.”

மூன்று ஜெராக்ஸ் எடுத்தாள். அசலை லேமினேஷன் போட்டு, மூலையில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து டிஸ்கோ கழுத்தில் கட்டினாள். அன்றைக்கு அது முகத்தை நக்க வந்தபோது அவள் தள்ளவில்லை. நக்கட்டும் என்று விட்டுவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை சிவஞானம் ஆபீசுக்கு வந்தபோது கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் கூட்டம். எக்கியார்குப்பத்துச் சனம், உப்பளத்துச் சனம், கடைத்தெருச் சனம். நாய் வைத்திருந்த அத்தனை பேர் கையிலும் கயிற்றில் ஒரு நாய், மறுகையில் காலி மாத்திரை அட்டை. வரிசையில் முதலாவதாக நின்றது வலை பின்னுகிற தேசப்பன். இரண்டு நாய்களோடு நின்றார்.

“இன்னாப்பா இது? என்ன வேணும் ஒங்களுக்கு?”

தேசப்பன் பணிவாகக் கும்பிட்டார். “நாங்களும் புழுவக் கொன்னுட்டோம் சார். பொன்னம்மாவுக்குக் குடுத்தீங்களே, அந்த நோட்டீசு எங்களுக்கும் ஒண்ணு குடுங்க. ரெண்டு நாய்க்கும் தனித்தனியா.”